கேட்காமல் பூசிய எண்ணெய்

அக்கா,

இன்று மதியம் லஸ் பக்கம் ஒரு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். கூட வேலை செய்யும் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பார்க்கப் போகும்போது கையில் எதையாவது கொண்டுபோக வேண்டும். கடைக்காரர் குழந்தைக்குத் தேய்க்கிற ஆலிவ் எண்ணெய்ப் புட்டி ஒன்றை எடுத்து வைத்தார். மூடி சரியாக இறுகியிருக்கவில்லை. அவர் அதைத் துடைத்துவிட்டு வேறொன்றை எடுப்பதற்குள் வாசனை வந்துவிட்டது. தொண்டையை லேசாகக் கமறவைக்கிற அந்த வாசனை. "வேணாங்க, சோப்பு குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஆட்டோக்காரர் ஒருவர் "எங்கம்மா போவணும்?" என்று கேட்டார். எங்கே போக வேண்டும் என்று உடனே சொல்ல வரவில்லை.

நீ போய் மூன்று மாதமாகிறது. உன்னைப் பற்றி யாரிடமும் நான் பேசுவதில்லை. விடுப்பு எடுத்ததற்குக் காரணம் கேட்டபோது, நூலகத்தில் "பெரியப்பா பொண்ணு தவறிட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். "ஓ, பெரியப்பா பொண்ணா" என்றார்கள். கூடப்பிறந்தவள் இல்லையே என்று அவர்கள் முகம் கொஞ்சம் தளர்ந்தது. பத்து வருடம் ஒரே பாயில் படுத்தோம் என்று அவர்களுக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை.

மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் நம் அப்பாக்கள் இருவரும் சேர்ந்து குடியிருந்த வீட்டில் உனக்கும் எனக்கும் ஒரே அலமாரி, ஒரே கோயில், ஒரே ஞானஸ்நானத் தொட்டி. மூன்று வருடம் முன்னால் உனக்கு, பின்னால் எனக்கு. பெரியப்பாவின் குடிதான் அந்த வீட்டை இரண்டாக்கியது. பெரியம்மா அவருக்காகச் செய்யாததில்லை. பூசை வைத்தார், மெழுகுவர்த்தி ஏற்றினார், வேளாங்கண்ணிக்கு இரண்டு முறை நடந்தே போனார். ஒன்றும் நடக்கவில்லை. பாலவாக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஜெபவீட்டுக்கு யாரோ பெரியப்பாவை அழைத்துப் போனார்கள். அங்கே அவர் தானாக எழுந்து நின்று கையைத் தூக்கினார். அதன் பிறகு சாகும்வரை குடியைத் தொடவில்லை. அந்த வருடமே நீங்கள் பாலவாக்கத்துக்குக் குடிபோனீர்கள். அந்தச் சபையில் நகையும் படமும் கூடாது. உன் கம்மல் போனது. மாதா படம் எங்களிடமே தங்கிவிட்டது.

உனக்குப் பதினான்கு வயதில் கடலில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். நானும் அப்பாவும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நின்றோம். வெள்ளை உடையில் நீ இடுப்பளவு தண்ணீரில் நின்றாய். பாஸ்டர் உன்னைப் பிடித்து அமிழ்த்தப் போன நேரத்தில் பெரிய அலை ஒன்று வந்து அவரையே கவிழ்த்துவிட்டது. நீதான் கையைக் கொடுத்துத் தூக்கினாய். பல வருடம் கழித்தும் அதைச் சொல்லிச் சிரிப்பாய். "முதல்ல அவருக்கு, அப்புறந்தான் எனக்கு. அன்னிக்கு டபுள் ஞானஸ்நானம்டீ." அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "ஏற்கெனவே வாங்கினவளுக்கு எதுக்கு இன்னொண்ணு?" என்று பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

நாம் மறுபடி ஒட்டிக்கொண்டது வேலைக்குப் போன பிறகுதான். நீ தியாகராய நகரில் பெரிய துணிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் நின்றாய். நான் அடையாறில் ஒரு கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்தேன். செவ்வாய் உனக்கு வார விடுமுறை. ஐந்து மணிக்கு நான் வெளியே வரும்போது, பஸ் டிப்போவுக்கு எதிரே அந்த பேக்கரியில் இரண்டு டீயும் இரண்டு பன்னும் சொல்லிவிட்டு நீ உட்கார்ந்திருப்பாய். உன் கைப்பையில் கறுப்பு அட்டை போட்ட உன் வேதாகமம். என் பையில் எங்கள் கத்தோலிக்கப் பதிப்பு. முதல் வாரம் விளையாட்டாகத் தொடங்கியது. ஒரே பகுதியை நீ வாசி, நான் வாசிக்கிறேன், யாருடையது சரி என்று பார்க்கலாம். அது நாலு வருடம் நடந்தது.

எங்கள் முதல் போப்பாண்டவரான பேதுருவைத் தன் சபையின் பாறை என்று இயேசு சொன்ன இடத்தில் நான் ஜெயிப்பேன் என்று நினைத்திருந்தேன். "பேதுருவப் பாத்துத்தானே சொன்னாரு?" என்றேன். "பேதுரு சொன்ன வார்த்தையப் பாத்துச் சொன்னாரு" என்றாய். "அது எப்படி?" "இன்னும் நாலஞ்சு வசனம் தள்ளிப் படி. அதே பேதுருவ, சாத்தானே அப்பால போன்னு திட்றாரு. அத்தயும் போப்பாண்டவருக்கே எழுதி வச்சுக்கிறீங்களா?" பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். உனக்குக் கவலையே இல்லை.

என் சதையைத் தின்னுங்கள் என்று இயேசு சொல்லிக் கூட்டம் கலைந்துபோன இடத்தில் நான் பதிலடி கொடுத்தேன். "பூசையில குடுக்குற அப்பம் வெறும் அடையாளந்தான்னா, போறவங்கள நிறுத்தி, ஏம்பா, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்னு சொல்லியிருக்கலாமேக்கா?" நீ பன்னை மென்றுகொண்டே யோசித்தாய். "அதே அதிகாரத்துல கடைசியில மாம்சத்தால ஒண்ணும் ஆவாதுன்னு கீதே, அத்த மட்டும் ஏண்டி முழுங்கிட்ற?" நான் முழுங்கத்தான் செய்தேன். திருப்பலிப் பூசையில் அதற்கு முந்தின வரிகளைத்தான் நான் எப்போதும் உற்றுக் கேட்டிருக்கிறேன். உன்னோடு உட்கார்ந்த பிறகுதான் நானும் முழு அதிகாரமாக வாசிக்கப் பழகினேன்.

நாம் சிரித்து முடிக்க முடியாமல் போனது ஒரே ஒரு பகுதியில். கைகால் விழுந்த திமிர்வாதக்காரனை நாலு பேர் கட்டிலோடு இயேசுவிடம் தூக்கி வருகிறார்கள். கூட்டத்தில் வழியில்லை. கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டு இயேசு அவனை மன்னிக்கிறார். "அவர்களுடைய" என்றால் யாருடையது?

எங்கள் கோயிலில் அதைத் தூக்கி வந்தவர்களின் நம்பிக்கை என்றே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒருவருக்காக இன்னொருவர் நம்பலாம். பேசத் தெரியாத குழந்தைக்காகப் பெற்றவர் நம்பலாம், இறந்தவருக்காக இருப்பவர் மன்றாடலாம். எனக்கு அது வெறும் பாடம் இல்லை. எட்டு மாதத்தில் பிறந்து, பிழைக்காது என்று சொல்லப்பட்ட என் தலையில், ஆஸ்பத்திரித் தம்ளரில் இருந்த தண்ணீரை ஊற்றி எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவள் என் அம்மா. தொட்டியில் பிறகு நடந்தது வெறும் சடங்கு. தூக்கிக்கொண்டு வரப்பட்டவள் நான்.

நீ டீத் தம்ளரைத் தள்ளி வைத்தாய். "அவங்கன்னா அஞ்சு பேரும். படுத்திருந்தவனையும் சேத்து. அவனுக்கு விசுவாசம் இல்லாமயா கூரை வரைக்கும் பேசாம வந்தான்?" பிறகு, குரல் இறங்கி, "எங்கம்மா அப்பாவத் தூக்கிக்கினு ஒம்பது வருசம் அலைஞ்சாங்கடி. ஒண்ணும் ஆவல. அவரா எழுந்து நின்னாரு, ஆச்சு. ஒருத்தருக்காக இன்னொருத்தர் நம்ப முடியும்னா எங்க வீட்ல அது முதல் மாசமே நடந்திருக்கும்."

பஸ் வந்ததும் நீ என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு ஏறினாய். ஒரே வசனத்தை நீ உன் அப்பாவை வைத்துப் படித்தாய், நான் என் அம்மாவை வைத்துப் படித்தேன். அது எனக்குப் புரிய எவ்வளவு நாளாயிற்று பார்.

பிறகு உன் வயிற்று வலி வந்தது. கடையில் நாளெல்லாம் நிற்பதால் என்றார்கள், வேளைக்குச் சாப்பிடாததால் என்றார்கள். கணையத்தில் கட்டி என்று தெரியும்போது பரவிவிட்டிருந்தது. உனக்கு முப்பத்தொன்று. உன் சபை மருந்தைத் தடுக்கவில்லை. ரத்தம் தேவைப்பட்டபோது பாஸ்டரே ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் உட்கார்ந்தார். ராயப்பேட்டைப் பக்கம் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் பெரியம்மாவும் நானும் மாறி மாறி உன்னோடு இருந்தோம்.

அங்கேயும் நீ விடவில்லை. கோட்டயத்துக்காரியான அந்த நர்ஸ் என்னைப் பார்த்து "சொந்தம் சேச்சியா?" என்று உன்னைக் காட்டிக் கேட்டாள். பெரியப்பா மகள் என்றேன். உனக்கு உடனே கண் மின்னியது. "கேளு, இயேசுவுக்குக் கூடப்பிறந்தவங்க இருந்தாங்களா, இல்லியா? இவ, அவங்கள்லாம் சித்தி, பெரியம்மா புள்ளைங்கன்றா. நான் மரியாளுக்கே பொறந்தவங்கன்றேன்." நர்ஸ் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க ஆர்த்தடாக்ஸ் சபையில, யோசேப்புக்கு முதல் கல்யாணத்துல உண்டான குட்டிகள்னு சொல்லும்" என்றாள். "பாருடி, இவங்க மூணாவது கடை வச்சிருக்காங்க!" என்று நீ சிரித்ததில் வயிறு இழுத்துக்கொண்டது. வலி அடங்கிய பிறகு நான் கேட்டேன்: "நீ என்னைத் தங்கச்சின்னு தானேக்கா சொல்ற? நான் எங்க உன்கூடப் பொறந்தேன்?" "ரொம்பப் படிச்சிட்ட" என்றாய். நாலு வருடத்தில் நான் ஜெயித்தது அந்த ஒரு முறைதான்.

இனி எழுதப்போவதை எழுதத்தான் இந்த மடலைத் தொடங்கினேன்.

இரண்டு மூன்று வாரம்தான் என்று டாக்டர் சொன்ன மறுநாள். பெரியம்மா குளித்து வர வீட்டுக்குப் போயிருந்தார். வலி மருந்து ஏற்றி நீ உறக்கத்தில் இருந்தாய். முந்தின நாள்தான் உன் பாஸ்டர் வந்து, மருந்துக் கடையில் வாங்கிய ஆலிவ் எண்ணெய்க்கு ஜெபித்து, உன் நெற்றியில் பூசிவிட்டுப் போயிருந்தார். இயேசு சீடர்களை அனுப்பினபோது அவர்கள் நோயாளிகளுக்கு எண்ணெய் பூசினார்கள் என்று எழுதியிருக்கிறதே, அதன்படி. எதிர்க் கட்டிலில் இருந்த ஒரு மூதாட்டியைப் பார்க்க அன்று ஒரு கத்தோலிக்கப் பங்குத்தந்தை வந்தார். அவர் பையிலும் எண்ணெய் இருந்தது. அவரும் அதே வரியின்படிதான் வந்திருந்தார்.

நான் எழுந்து போய் அவரை நிறுத்தி, உன்னைக் காட்டினேன்.

"கத்தோலிக்கரா?" என்று கேட்டார்.

"நம்ம கோயில்லதான் ஞானஸ்நானம் வாங்கினாங்க, ஃபாதர்."

அது பொய்யில்லை. அடுத்ததாக, "அவங்க விருப்பந்தானே?" என்றார். நான் தலையாட்டினேன். அது பொய். அவர் உன் நெற்றியில் சிலுவை வரைந்தார். உன் இரண்டு கைகளையும் திருப்பி, உள்ளங்கைகளில் பூசினார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அவர் போன பிறகு, உனக்கு ஏதோ பாதுகாப்பு வாங்கிக் கொடுத்துவிட்டது போல நான் நிம்மதியாக உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தேன்.

நாலு மணிக்கு நீ கண் விழித்தாய். தண்ணீர் கேட்டாய். தம்ளரை வாங்கும்போது கையை மூக்கருகே கொண்டு போனாய். பிறகு மற்றக் கையை.

"பாஸ்டர் நேத்து நெத்தியிலதான் போட்டாரு" என்றாய். "கையில யாரு போட்டது?"

ஒரே கையால் நூறு புடவையைத் தடவி எது அசல் பட்டு என்று சொல்கிறவள் நீ. உன்னிடம் எதை மறைப்பது? சொன்னேன்.

நீ கத்தியிருந்தால் தேவலை. துண்டை எடுத்து உள்ளங்கையைத் துடைக்கத் தொடங்கினாய், மெதுவாக, விரலிடுக்கு எல்லாம். "என் விசுவாசம் போதாதுன்னு நெனச்சிட்டியா?"

"நாலு பேர் கட்டிலத் தூக்கிக்கினு வந்தாங்கல்லக்கா. அவன்கிட்ட கேட்டுட்டா வந்தாங்க?"

சொன்னதும் என் காதிலேயே அது பேக்கரி வாதம் மாதிரி ஒலித்தது. நீ துடைப்பதை நிறுத்தினாய்.

"அந்தாளு வேணாம்னு சொல்லல. நான் உன்கிட்ட எத்தினி தடவ சொல்லியிருக்கேன்? வாரா வாரம் எதிர்ல உக்காந்து கேட்டுக்கினுதானே இருந்த?"

"அக்கா..."

"நான் தூங்குறப்போ பண்ணியிருக்க. பேசுற வரைக்கும் என்கூட வாதம் பண்ண, வாய் மூடினதும் உன் இஷ்டத்துக்குப் பண்ணிட்ட." கொஞ்சம் மூச்சு வாங்கினாய். "நான் போனப்புறம் பூசை வைக்கிறேன், பேர் குடுக்கறேன்னு ஆரம்பிக்காத. நான் எங்க போறேன்னு எனக்குத் தெரியும். அங்க யாரும் சிபாரிசு பண்ண வேணாம். ஒரு தடவ கேக்காம பண்ணிட்ட. இன்னொரு தடவ பண்ணாத."

சரி என்றேன். "வாயால சொல்லு" என்றாய். பண்ண மாட்டேன் என்று சொன்னேன்.

பெரியம்மா வந்ததும் நீ அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தாய். ஒரு நாள் தலைவாரிவிடச் சொன்னாய். வாரினேன். முடி கையோடு வந்தது. "நல்லா பின்னு, உன்ன மாரி தொளதொளன்னு விடாத" என்றாய். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்த எண்ணெய் விஷயத்தைப் பிறகு குருவிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் நான் கேட்டிருக்க வேண்டிய ஆள் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கவில்லை.

அன்று உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. உன் விசுவாசம் போதாது என்று நான் நினைக்கவில்லை, அக்கா. பயந்தது நான். நீ தைரியமாக இருந்தாய். உன் தைரியத்தில் எனக்கு இடம் இருக்கவில்லை. எதையாவது செய்தாக வேண்டும் என்று கை துடித்தது.

உன் அடக்க ஆராதனையில் மெழுகுவர்த்தி இல்லை, சாம்பிராணி இல்லை. கீபோர்டு வைத்துப் பாடினார்கள். நீ ஏற்கெனவே கர்த்தரோடு இருக்கிறாய் என்று பாஸ்டர் சொன்னபோது, சுற்றி எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். அம்மா கைப்பைக்குள் கையை விட்டபடியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஜெபமாலை. பைத்துணி மணிமணியாக அசைந்தது. பாஸ்டர் அதைக் கவனித்தார். ஒரு நாற்காலியை நிழலுக்கு நகர்த்தி, "சிஸ்டர், இங்க உக்காருங்க" என்றார்.

நவம்பர் வந்துவிட்டது. எங்கள் பங்குக் கோயிலில் இந்த மாதம் பீடத்துக்கு முன்னால் ஒரு பெட்டி வைப்பார்கள். அவரவர் வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதிப் போட வேண்டும். மாதம் முழுக்க அவர்களுக்காகத் திருப்பலி. அம்மா எழுதி, மடித்து, "முட்டி வலிக்குது, போற வழியில நீயே போட்டுடு" என்று கொடுத்தாள். பெட்டி முன்னால் நின்று சும்மா பிரித்துப் பார்த்தேன். தாத்தா, அப்பா, பெரியப்பா. கடைசியில் உன் பெயர். அம்மாவின் சாய்ந்த எழுத்தில்.

பையில் பேனா இருந்தது. அடித்துவிட்டுப் போட்டிருந்தால் அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. அடிக்காமல் போட்டிருந்தால் அம்மாதானே எழுதினாள் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். இரண்டுமே யாருக்கும் தெரியாமல் செய்கிற வேலை. நூலகத்துக்குத் தாமதமாகும் என்று போன் செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பங்குத்தந்தை, தலையாட்டல், உள்ளங்கை, உனக்குக் கொடுத்த வாக்கு.

"அவளுக்குத் தெரியாமயா பண்ண?"

"ஆமா."

"அடிப்பாவி." கத்தியைக் கீழே வைத்தாள். அவரைக்காயை ஒதுக்கிவிட்டு, "நீதான வாக்குக் குடுத்த? நான் குடுக்கலியே" என்றாள்.

"குடுக்கல. அதான் உன்னக் கேக்குறேன்."

"அவ எனக்கும் பொண்ணுதாண்டி. அவளுக்கு நான் இன்னாதான் செய்றது? சோறு போட முடியாது. துணி எடுத்துக் குடுக்க முடியாது. இது ஒண்ணுதான் கையில இருந்துச்சு."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கினாள். உன் பெயர் இருந்த கடைசி வரியை மட்டும் நகத்தால் கீறி, கோணாமல் கிழித்து எடுத்தாள். அதைச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டு, "இதப் பத்தி ஒண்ணும் கேக்காத" என்றாள். நான் கேட்கவில்லை. மிச்சத்தைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன்.

தினமும் வேலை முடிந்து சாயங்காலப் பூசைக்குப் போகிறேன். இறந்தவர்களை நினைக்கும் இடத்தில் குரு சற்று நிறுத்துவார். சுற்றிலும் உதடுகள் அசையும். ஒவ்வொரு நாளும் அங்கே உன் பெயர் என் வாய் வரை வருகிறது. நீ நம்பியது சரி என்றால், என் மௌனத்தால் உனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் நம்புவது சரி என்றால், என் குரல் உனக்குத் தேவைப்படுகிற நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். அது தெரிந்தேதான் நிற்கிறேன், அக்கா. நீ கேட்டுக்கொண்டாய்.